இரவில் நாயுடன் நடக்க எந்த டார்ச்? – வாசகர் கேள்வி பதில்

வளர்ப்புப் பிராணிகள் பற்றி வந்த கடிதங்களில், இரவு நடையையும் அதற்கான வெளிச்சத்தையும் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது சிப்பிப்பாறை இருக்கிறது. நானும் கணவரும் வேலை முடிந்து திரும்பவே எட்டு மணி ஆகிவிடுவதால், ஒன்பதரைக்கு மேல்தான் அதை வெளியே அழைத்துப் போக முடிகிறது. நாங்கள் இருப்பது புதிய மனைப்பிரிவு. பாதி மனைகளில் முழங்கால் உயரத்துக்குப் புல், தெருவிளக்கு முக்குக்கு ஒன்று. கைப்பேசி வெளிச்சம் போதவில்லை. 10,000 லூமன் என்று போட்டு 500 ரூபாய்க்கு டார்ச் விற்கிறார்களே, வாங்கலாமா?
— வாசகி, வடவள்ளி, கோவை

பதில்: வேண்டாம். லூமன் என்பது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 10,000 லூமனுக்கு 100 வாட் மின்திறன் வேண்டும். விரல் பருமனுள்ள ஒற்றை பேட்டரியால் அதைக் கொடுக்கவும் முடியாது, கொடுத்தாலும் அந்தச் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியாது. அட்டைப்பெட்டியில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால், ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அளவுமுறைப்படி விவரம் தரும் தயாரிப்பாகத் தேடுங்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான இந்த முறையில், விளக்கை ஏற்றி 30 நொடி ஆன பிறகே லூமன் அளக்கப்படுகிறது. அப்போதிருந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரமே ஓடும் நேரமாகக் குறிக்கப்படுகிறது. ஆகவே ‘1,000 லூமன், 3 மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் மூன்று மணி நேரமும் அதே வெளிச்சம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சிறிய டார்ச்சுகள் பெரும்பாலும் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களே நிற்கும், பிறகு சூடு தாங்காமல் தாமாகவே இறங்கிவிடும்.

கடைக்காரர் உச்ச எண்ணைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, நடுத்தர வெளிச்சத்தில் அது எத்தனை லூமன், எவ்வளவு நேரம் என்பதையே. நாய் நடுத்தெருவில் நடப்பதில்லை. ஓரத்துப் புல், கல், குப்பை என்று ஒவ்வொன்றாக மோந்துகொண்டுதான் போகும். அதன் மூக்கு போகப்போகிற இடத்துக்கு வெளிச்சம் ஓர் அடி முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இந்த வேலைக்கான டார்ச்சின் இலக்கணம். அதற்கு 50 முதல் 150 லூமன் வரை, இடமும் வலமும் அகலமாகப் பரவும் ஒளி, குறையாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் போதும். புதரில் ஏதோ அசைகிறது, எதிரே யாரோ நிற்கிறார்கள் என்ற சமயங்களுக்காக, பொத்தானை அழுத்தியதும் 500 லூமனுக்குத் தாவும் வசதி இருந்தால் நல்லது.

உங்களிடம் இருப்பது சிப்பிப்பாறை என்பதால் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். அது கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட வேட்டை இனம். நீங்கள் 200 மீட்டர் தூரம் வெளிச்சம் அடித்தால், காலி மனைக்கு அப்பால் ஓடும் பூனையை அதற்கு நீங்களே காட்டிக் கொடுத்ததாக ஆகும், அடுத்த நொடி உங்கள் தோள்பட்டைக்குத்தான் சோதனை. குவிந்த ஒளியை நெடுந்தூரம் அனுப்பும் டார்ச் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி பொத்தான். ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும் என்பதால், மற்ற கையின் கட்டைவிரல் ஒன்றாலேயே எல்லாம் நடக்க வேண்டும். மலிவான டார்ச்சுகளில் அதிகம், குறைவு, மின்னல்போல் வெட்டும் ஒளி, எஸ்.ஓ.எஸ். என ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்றாக மாறிக்கொண்டே போகும். இருட்டில் வெளிச்சத்தைக் கூட்ட நினைத்து அழுத்தினால் கண் முன்னே வெட்டி வெட்டி அடிக்கும், நாயும் மிரளும், எதிரே பைக்கில் வருபவரும் மிரளுவார். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிட்டு, கடைசியாக வைத்த வெளிச்சத்தை நினைவில் வைத்திருக்கும் டார்ச்சை எடுங்கள்.

டார்ச் நீங்கள் பார்ப்பதற்குத்தான். ஓட்டுநர்கள் நாயைப் பார்க்க வேண்டுமானால் அதன் கழுத்தில் ஒளிரும் பட்டை தனியாக வேண்டும். நடைபாதை இல்லாத தெருவில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடந்து, நாயை வண்டிகள் வராத ஓரப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலையில் மாட்டும் விளக்கை வாங்கினால் இரண்டு கைகளும் சும்மா இருக்கும் அல்லவா? எங்கள் ஊரில் மூடுபனி அதிகம். தேயிலைத் தோட்டத்து ஓரமாக லாப்ரடாருடன் நடக்கிறேன்.
— வாசகர், குன்னூர்

பதில்: நாயின் கழிவைப் பையில் அள்ளும் அந்த அரை நிமிடத்துக்குத் தலைவிளக்கைப்போல உதவுவது வேறில்லை. மற்ற நேரங்களில், அதுவும் உங்கள் ஊர்ப் பனியில், அது காலை வாரிவிடும். விளக்கு நெற்றியில் இருக்கும்போது பனித்துளிகள் சிதறடிக்கும் ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி வருவதால், முன்னால் வெள்ளைத் திரை ஒன்று தொங்குவதுபோல் ஆகிவிடும். அதே டார்ச்சை இடுப்பளவில் பிடித்துத் தரையை நோக்கிச் சாய்த்தால் திரை விலகிப் பாதை தெரியும். பனியில்லாத இரவிலும் இடுப்பளவு வெளிச்சத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒளி தாழ்வாக வருவதால் கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழும், அந்த நிழலை வைத்துத்தான் நாம் மேடுபள்ளத்தை அறிகிறோம். கண்ணுக்கு மேலிருந்து வரும் ஒளியில் நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் தரை முழுதும் சமதளமாகத் தோன்றும். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாட்களில் தலைவிளக்கு அணிந்தவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. தொப்பி விளிம்பிலோ சட்டைப்பையிலோ மாட்டும் கொக்கியுள்ள சிறிய கை டார்ச் இரண்டு வேலைக்கும் சரிப்பட்டு வரும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீலகிரியில் சிறுத்தைகள் குடியிருப்புகளுக்குள் வந்து நாய்களைத் தூக்கிச் செல்வது அரிய செய்தி அல்ல. காட்டு மாடுகளும் கரடிகளும் இரவில் தோட்டப் பாதைகளைப் பயன்படுத்துகின்றன. அத்தகைய இடத்தில் இருட்டிய பிறகு நாயுடன் நடக்க எந்த டார்ச்சும் உரிமம் ஆகாது. விளக்கு எரியும் தெருவோடு நடையை முடித்துக்கொள்வதே என் யோசனை. வாசலைத் தாண்டுவதற்கு முன் சுற்றுப்புறத்தைப் பார்த்துவிடத் தூரம் பாயும் டார்ச் ஒன்று உங்களுக்குக் கட்டாயம் தேவை, வடவள்ளி வாசகிக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு. விவரத்தாளில், ஒளி ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைக் காட்டும் கேண்டெலா என்று ஓர் எண் இருக்கும். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்பது கிடைக்கும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். அந்த எல்லையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவே என்பதால், தெளிவாகப் பார்க்கப் பாதித் தூரத்தையே நம்புங்கள். விலங்குகளின் கண் மின்னுவதைப் பார்க்க மட்டும் டார்ச்சைக் கன்னத்தருகே உயர்த்திப் பிடிக்க வேண்டும்; விழித்திரைக்குப் பின்னுள்ள பளபளப்பான படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், இடுப்பிலிருந்து அடித்தால் அந்த மினுக்கம் உங்கள் பார்வைக்கு எட்டாமல் போகலாம்.

கேள்வி: வயல் வரப்பு, வாய்க்கால் கரை என்று இருட்டில் நாயோடு போகிறேன். பாம்புதான் பயம். மஞ்சள் வெளிச்சம் நல்லதா, வெள்ளை நல்லதா?
— வாசகர், ஒரத்தநாடு அருகே

பதில்: பயம் நியாயமானதே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியனோ காய்ந்த சருகின் நிறத்திலேயே அசையாமல் படுத்திருக்கும், காலடி கேட்டு விலகிப் போய்விடும் என்று நம்ப முடியாது. பூனைக்கண் மின்னிக் காட்டிக் கொடுப்பதுபோல் பாம்பின் கண் காட்டிக் கொடுக்காது. உடலின் நிறத்தையும் அதன் மேலுள்ள புள்ளிகளையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி.

மலிவு டார்ச்சுகளில் வரும் நீலம் கலந்த வெள்ளையில் மண், சருகு, பாம்பு மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 4,000 முதல் 5,000 வரையுள்ள, காலை வெயிலை ஒத்த வெள்ளையை வாங்குங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கட்டும். அந்த வெளிச்சத்தில் பழுப்பு மண்ணின் மேல் கண்ணாடி விரியனின் கரும்பழுப்பு வட்டங்கள் தனியே எடுத்துக் காட்டும். (நாயின் மலத்தில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே டார்ச்தான் உதவும், மட்டமான வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகவே தெரியும்.)

டார்ச்சைவிடக் கயிற்றின் நீளம் முக்கியம். இழுக்க இழுக்க நீளும் கயிறு இருந்தால் நாய் உங்கள் வெளிச்சத்தைத் தாண்டிப் போய்விடும். நாய்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழுவதற்குக் காரணம், எதையும் மூக்கால் தொட்டுப் பார்க்கும் அவற்றின் பழக்கமே. நாலைந்து அடிக்கு மேற்படாத கயிறும், தரையைத் தட்டிக்கொண்டு போக ஒரு கம்பும், கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணியும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கடி நேர்ந்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். உங்களுக்கு அருகிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவு எத்தனை மணி வரை பார்ப்பார்கள், விஷமுறிவு மருந்து கைவசம் இருக்குமா என்பதை நாளைக்கே கேட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: டார்ச்சை எடுத்தாலே எங்கள் நாய் தரையில் விழும் வெளிச்சத்தைத் துரத்த ஆரம்பித்துவிடுகிறது. குழந்தைகளுக்கு ஒரே சிரிப்பு. விளையாட்டுத்தானே?
— வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: உடனே நிறுத்துங்கள். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்திப் பழகிய நாய்களில் சில, பிறகு சுவரில் விழும் நிழல், கைக்கடிகாரத்தின் மினுக்கம் என எதைக் கண்டாலும் விடாமல் துரத்தும் நோய்க்கு ஆளாகின்றன. லேசர் விளக்கு இன்னும் மோசம். வீட்டுக்குள்ளேயே டார்ச்சை ஏற்றி, ஒளியை அசைக்காமல் தரையில் வைத்து, நாய் அதைக் கவனிக்காமல் உங்களைப் பார்க்கும்போது தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். வெளியில் அகலமான, மங்கலான ஒளியையே பயன்படுத்துங்கள். கூர்மையான வட்டம் விழுந்தால்தான் துரத்தத் தோன்றும். துரத்துவது குறையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: கடையில் 18650 என்கிறார்கள், 21700 என்கிறார்கள். நாயை அழைத்துப் போகிறவர் எழுபது வயதான என் அப்பா. அவருக்கு எந்த பேட்டரி உள்ள டார்ச் ஏற்றது?
— வாசகர், மதுரை

பதில்: அந்த எண்கள் லித்தியம் அயனி பேட்டரியின் அளவுகளே: 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் கொண்டது 18650; 21 மி.மீ., 70 மி.மீ. என்றால் 21700. இரண்டும் நல்லவையே, பின்னது சற்றுப் பருமன், கூடுதல் நேரம் ஓடும். ஏமாற்று வேலை நடப்பது கொள்ளளவில்தான். நல்ல 18650 பேட்டரி பொதுவாக 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியே நிற்கும்போது, உறையில் 9,900 என்று அச்சிட்டதைச் சாலையோரக் கடையிலும் இணையத்திலும் விற்கிறார்கள். சந்தேகம் இருந்தால் எடைபோட்டுப் பாருங்கள். அசல் பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்கும், போலிகள் பல அதைவிட இலேசானவை.

அப்பாவுக்கென்றால், பேட்டரியைக் கழற்றாமல் டார்ச்சிலேயே டைப்-சி வழியாகச் சார்ஜ் செய்யும் வகை வசதி. வாங்கும்போதே வீட்டிலுள்ள சார்ஜரில் மாட்டிப் பாருங்கள். மலிவான சில டார்ச்சுகள், இரு முனையும் டைப்-சி ஆக இருக்கும் வயரில் சார்ஜே ஏறாது, பழைய அகலமான முனையுள்ள வயரைத்தான் ஏற்கும். பேட்டரியைத் தனியாகச் சாவியோ சில்லறையோ உள்ள பையில் போட வேண்டாம், முனைகள் இணைந்தால் தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கக் கூடாது. பையில் கிடக்கும்போது தானாக எரியாமலிருக்கப் பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால், பெரும்பாலான உலோக டார்ச்சுகளில் மின்சாரம் துண்டிக்கப்படும்.

சார்ஜ் போட மறந்துவிடுவார் என்றால், சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ பேட்டரி இரண்டில் ஓடும் டார்ச் ஒன்றை வாங்கி, மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைப் போட்டுக் கொடுங்கள். அது தீர்ந்தாலும் பெட்டிக்கடையில் மாற்று கிடைக்கும். சாதாரண பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் குறியீட்டில், மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும், கை தவறி வாய்க்காலில் விழும் வாய்ப்பு இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.7 எடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் மூன்று கட்டை பித்தளை டார்ச் நல்ல நிலையில் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு மாற்றி நாய் நடைக்கு வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மாற்றலாம், பொருந்தும் பல்புகள் கிடைக்கின்றன, மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட் ஏற்பது என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தக் குழிக் கண்ணாடி, புள்ளி போன்ற ஓர் இழையிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும் ஒளிக்காக வடிக்கப்பட்டது. எல்.இ.டி. ஒளியை முன்பக்கமாகவே வீசுவதால் கண்ணாடிக்கு வேலை குறைந்து, நடுவில் கறுப்பு வளையத்துடன் சிதறலாம். அதைவிட, பேட்டரியோடு அரைக் கிலோவை நெருங்கும் கனத்தை ஒரு கையிலும் இழுக்கிற நாயை மறு கையிலும் பிடித்து அரை மணி நேரம் நடப்பது மணிக்கட்டுக்கு ஆகாது. மின்வெட்டுக்கு அதை வீட்டில் வைத்துக்கொண்டு, நடைக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை வாங்கிவிடுங்கள்.