கால்சியம் டானிக்கும் கார்டு கடனும்

கேள்வி: வீட்டின் பின்புறம் 45 முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். தினமும் 32 முட்டை கிடைக்கிறது. ஓடு கீறிய எட்டை வீட்டில் சமைத்துவிட்டு, மீதி 24-ஐ விற்கிறேன். ஓடு கெட்டிப்படும் என்று என் கொழுந்தனார் விற்கும் கால்சியம் டானிக்கை ஒன்றரை ஆண்டாகக் கிரெடிட் கார்டில் வாங்குகிறேன். அந்தச் செலவை ஈடுகட்டத் தீவனத்தில் கால்பங்கு குறைத்து, காய்கறிக் கழிவு போடுகிறேன். கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இப்போது அவர், முட்டை ஓட்டைப் பொடியாக்கி விற்க அரவை இயந்திரம் வாங்கலாம், கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஆனால் உங்களுக்கு இயந்திரத்தைவிட அவசரமான சிக்கல் ஒன்று இருக்கிறது. "தவறாமல் கட்டுகிறேன்" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

நீங்கள் அனுப்பிய தொகைகளை முட்டைக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். மாத விற்பனை 720 முட்டை. தீவனத்துக்கு 390 போகிறது. கார்டு பாக்கி ஏறக்குறைய 3,000 முட்டை. அதற்கு மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, அதாவது 90. குறைந்தபட்சத் தொகை 150. எல்லாம் போகக் கையில் 180 நிற்கிறது, அதை லாபம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அதே மாதம் 200 முட்டை விலைக்கு டானிக் கார்டில் ஏறுகிறது. வட்டியையும் சேர்த்து, கட்டியதைக் கழித்தால் பாக்கி 140 கூடுகிறது. ஆக உண்மையில் மிஞ்சுவது 40. ஒரு மாதம் முழுக்க 45 கோழிகளைப் பார்த்துக்கொண்டதற்கு!

அந்த டானிக்கால் கோழிக்கு என்ன கிடைக்கிறது? முட்டையிடும் கோழிக்கு நாளுக்குச் சுமார் 4 கிராம் கால்சியம் வேண்டும். நீங்கள் எழுதியனுப்பிய லேபிள் கணக்கின்படி, டானிக்கிலிருந்து ஒரு கோழிக்குக் கால் கிராம்தான் போகிறது. 45 கோழிக்கும் சேர்த்து 11 கிராம். ஒரு முட்டை ஓட்டின் எடை ஐந்தாறு கிராம். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதில் கால்சியம் மட்டும் 2 கிராம் தேறும். நீங்கள் சமைக்கும் எட்டு முட்டையின் ஓட்டிலேயே 16 கிராம் இருக்கிறது. கடன் வாங்கி ஊற்றுவதைவிட அதிகமான கால்சியத்தைக் குப்பைக்கூடையில் போடுகிறீர்கள்.

அதற்காக ஓடு மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 45 கோழிக்குத் தேவை 180 கிராம். 16 கிராம் நான்கு கோழிக்குத்தான் காணும். ஓட்டில் சேரும் கால்சியத்தில் பெரும்பங்கு தினமும் 24 ஓடுகளாக வாங்குபவர் வீட்டுக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. அதை ஈடுசெய்வது தீவனம்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கால்சியம் உண்டு; 110 கிராம் தின்றால் தேவை ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதில் கால்பங்கைக் குறைத்ததால் கோழிக்கு ஒரு கிராம் போல விழுந்துவிட்டது. காய்கறித் தோல் அதை ஈடுகட்டாது, வயிற்றைத்தான் நிரப்பும். டானிக் செலவுக்காகத் தீவனத்தைக் குறைத்தீர்கள். தீவனம் குறைந்ததால் ஓடு மெலிந்தது. ஓடு மெலிந்ததால் மறுபடியும் டானிக்.

எனவே டானிக்கை இன்றே நிறுத்துங்கள். தீவனத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். செலவு 390-லிருந்து 520 ஆகும். மீதி 200-ஐயும் அப்படியே கார்டுக்குக் கட்டுங்கள். புதிதாக எதையும் அதில் ஏற்றாமல் இருந்தால் இருபது மாதத்தில் பாக்கி தீரும். கீறல் குறைந்து நாளுக்கு இரண்டு முட்டை கூடுதலாக விற்றால் பதினான்கு, பதினைந்து மாதம் போதும். குறைந்த வட்டியில் வேறு கடன் கிடைத்தால் பாக்கியை அங்கே மாற்றுவதும் நல்லதுதான், கார்டை அதன்பின் தொடுவதில்லை என்றால்.

வீட்டில் சேரும் முட்டை ஓட்டைக் கோழிக்கே போடலாம். அதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அடுப்பில் சூடேற்றிக் கிருமி போக்கி, முட்டை என்று கோழிக்கு அடையாளம் தெரியாதபடி நொறுக்குங்கள். மாவாக அரைக்க வேண்டாம். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. சற்றுப் பெரிய துணுக்குகள் இரையை அரைக்கும் உறுப்பான அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்து உதவும். பற்றாததற்குச் சுண்ணாம்புக்கல் குறுணையோ கிளிஞ்சல் துணுக்கோ வாங்கலாம். இருப்பதில் மலிவான கால்சியம் அதுதான். மாலையில் தனித் தட்டில் வையுங்கள். வேண்டிய கோழி தின்னும். குஞ்சுகளுக்கு எட்டக்கூடாது, அதிகக் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இப்போது இயந்திரம். உங்கள் ஓடு மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ சொச்சம். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று சேர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். கழிவிலிருந்து காசு என்று பெயர் சூட்டினாலும் அரைக்கச் சரக்கு வேண்டாமா? விற்கப்போவதும் மலிவான சுண்ணாம்புக்கல்லோடு போட்டி போடவேண்டிய அதே பொருள். கொழுந்தனாரிடம், கார்டு பாக்கி தீரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று கணவரை வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும்தானே என்பார். அவர் கட்டத் தவறினால் வங்கி உங்களிடம்தான் வரும்.

தீவனத்தைச் சரிசெய்து மூன்று வாரம் ஆகியும் ஓடு மெலிந்தே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெயில், கோழியின் வயது, சுவாச நோய் எதுவும் காரணமாக இருக்கலாம். அவற்றில் எதற்கும் அந்த டானிக் மருந்தல்ல.