நீதிமன்றத்தில் தண்டம் கட்டியதைக் கனடாவுக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 38. 2019 மார்ச்சில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டேன். மே மாதம் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினேன். சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒரு வருடம் நிறுத்தினார்கள். 2008 இல் சோதனைச்சாவடியில் பிடித்து, இரண்டு நாள் வைத்திருந்து, வழக்கில்லாமல் விட்டார்கள். இப்போது மனைவியோடு கனடா நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். "தண்டம் கட்டினது ஒரு வழக்கே இல்லை, எழுத வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். சரியா?

பதில்: சரியில்லை. இரண்டையும் எழுதுங்கள்.

இங்கே எவ்வளவு தண்டம் கட்டினீர்கள் என்பதைக் கனடா அளவுகோலாக எடுப்பதில்லை. அதே செயலை அங்கே செய்திருந்தால் ஆகக்கூடியது எத்தனை வருடம் சிறை கிடைக்கும் என்றுதான் பார்க்கும். குடிபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்ச தண்டனையை 2018 டிசம்பர் 18 முதல் அவர்கள் 10 ஆண்டாக உயர்த்திவிட்டார்கள். 10 ஆண்டைத் தொட்டாலே குடிவரவுச் சட்டத்தில் அது 'பாரதூரமான குற்றம்', கனடாவுக்குள் வரத் தடை. உங்கள் சம்பவம் அந்தத் தேதிக்கு மூன்று மாதம் பிந்தியது. முந்தியிருந்தால், அந்த ஒரு வழக்கு மட்டும் உள்ளவருக்குத் தண்டனை முடிந்து 10 வருடம் போனதும் தடை தானாக நீங்க இடமுண்டு. உங்களுக்கு அந்த வழி இல்லை.

அதற்காக மனம் தளர வேண்டாம். தண்டனை முடிந்து 5 வருடம் போனால், திருந்திவிட்டேன் என்று காட்டி 'புனர்வாழ்வு' விண்ணப்பம் போடலாம். அந்த 5 வருடத்தைத் தண்டம் கட்டிய நாளில் இருந்து எண்ணாதீர்கள். அனுமதிப்பத்திரத் தடை முடிந்த 2020 மேயில் இருந்து எண்ணுங்கள். 2025 மேயுடன் அது நிறைவாகிவிட்டது. முடிவு அதிகாரியின் கையில்தான். ஆனாலும் அதன் பிறகு வேறு வழக்கில்லாமல், ஒழுங்கான வேலையும் குடும்பமுமாக இருப்பவருக்கு இது நல்ல வழி. கிடைத்துவிட்டால் அந்த வழக்கு மறுபடி குறுக்கே வராது.

மறைத்தால்தான் உண்மையான ஆபத்து. பொய்த் தகவல் என்று கண்டால் 5 வருடத் தடை. மனைவியின் விண்ணப்பமும் உங்களோடு சேர்ந்து விழும். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுக்காகக் கைரேகைத் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. படிவத்தில் கையெழுத்து வைப்பது நீங்கள். பொய் என்று பிடிபட்டால் அந்தத் தடை விழுவது ஏஜென்டுக்கு அல்ல, உங்களுக்கு. நம் சனத்தில் எத்தனை குடும்பம் இந்த "எழுத வேண்டாம்" என்ற பேச்சை நம்பிக் கெட்டிருக்கிறது என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

2008 விஷயம் குற்றத்தீர்ப்பு இல்லை. ஆனால் கனடாப் பின்னணிப் படிவம் தடுத்து வைக்கப்பட்டீர்களா என்றும் தனியாகக் கேட்கிறது. போர்க்காலத்தில் தமிழ் இளைஞர்கள் இப்படிப் பிடிபட்டது அந்த அதிகாரிகளுக்குப் புதிதல்ல. எந்த இடம், எத்தனை நாள், எப்படி விட்டார்கள் என்று ஒரு சத்தியக்கடதாசியில் நேராக எழுதுங்கள். நினைவில் இல்லாததை இட்டுக்கட்ட வேண்டாம்.

இனி, தீர்ப்பு வந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு மனுப் போடுங்கள். வழக்கேடு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டையும் சேர்த்து வையுங்கள். இதே நிலையில் உள்ள வேறு வாசகர்கள், தங்களை 1979 குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் விட்டார்களா என்று அந்தப் பிரதியில் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவில் குற்றவாளி என்று தீர்க்காமலே விடுவிக்க முடியும் என்பதால் கதையே மாறலாம். பொலிஸ் ரிப்போட்டைக் கடைசியில் எடுங்கள். விண்ணப்பம் போடும் நாளில் அது 6 மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் ஏற்கமாட்டார்கள்.