பெர்த் – லண்டன்: போக ஒரு நேரம், வர ஒரு நேரமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம்? திரும்பி வரும்போது நேரம் குறைவது ஏன்?

பதில்: பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம் சுமார் 14,500 கி.மீ. 2018 மார்ச்சில் தொடங்கிய சேவை இது. லண்டன் போக ஏறத்தாழ பதினேழரை மணி நேரம். திரும்பி வர அதைவிடக் குறைவு. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்றோட்டமே காரணம். எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ. என்றால், 900 கி.மீ. வேகம் தரைக்கணக்கில் 850 ஆகிவிடும். அதனால்தான் விமானிகள் காற்றைப் பார்த்துச் சுற்றுவழியையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துவிடாதீர்கள். அவை அந்தந்த ஊர் நேரங்கள். லண்டன் கடிகாரம் பெர்த்தைவிட அங்குள்ள குளிர்காலத்தில் 8 மணி நேரமும் கோடையில் 7 மணி நேரமும் பின்தங்கியிருக்கும்.