சேதனப் புளோரீன் சேர்வை என்றால் என்ன? தாச்சியில் மீன் ஒட்டாததற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

காபனோடு புளோரீன் நேரடியாகப் பிணைந்திருந்தால் அது சேதனப் புளோரீன் சேர்வை. திருகோணமலையில் நம் வீட்டு நொன்ஸ்டிக் தாச்சியில் சூடை மீன் தோல் உரியாமல் வழுக்கி வருகிறதே, அந்த டெஃப்லான் பூச்சு இந்த வகைதான். டெஃப்லான் 1938இல் அமெரிக்க வேதியியலாளர் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது.

புளோரீன் அணு சிறியது. இலத்திரன்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உட்துறைமுகத்தில் தொய்வே இல்லாமல் கட்டிய தோணிக் கயிற்றைப் பாருங்கள், விரல் நுழைக்கக்கூட இடமிருக்காது. அப்படித்தான் மீனுக்கும் எண்ணெய்க்கும் இங்கே பிடி கிடைப்பதில்லை.

சரி, இந்தப் பிணைப்பை ஆய்வுகூடத்தில் எப்படி உருவாக்குவது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பலேடியம் போன்ற உலோகம் காபனையும் புளோரீனையும் தன்மேல் பிடித்து, சேர்த்துவிட்டு விலகும். காபனும் உலோகமும் பிணையும் சேர்வைகளைப் படிக்கும் சேதன உலோக வேதியியலில் இதுவும் ஒரு பகுதி.

பற்பசையின் புளோரைட்டும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள்; அதில் புளோரீன் காபனோடு பிணைந்திருப்பதில்லை.