டீமை விற்றுவிடு – கடிதம்

அன்புள்ள சார்,

நான் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. உங்களுக்கு இதற்கு முன் எழுதியதில்லை. இலக்கியக் கேள்வி இல்லை என்பதால் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர் பேஸ்பால் அணி பைரேட்ஸ். 2025 சீசனில் 71 வெற்றி, 91 தோல்வி, டிவிஷனில் கடைசி இடம். இதில் பால் ஸ்கீன்ஸ் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவன், இருக்கிறான். சராசரி 1.97, அதாவது ஒன்பது இன்னிங்ஸ் வீசினால் இரண்டு ரன்கூடக் கொடுப்பதில்லை. பிட்சர்களுக்கான மிகப்பெரிய விருதான சை யங், ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அவன் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. மற்றவர்கள் ரன் அடித்தால்தானே? மே மாதம் மேனேஜர் டெரெக் ஷெல்டனை, நம் பாஷையில் பயிற்சியாளரை, நீக்கினார்கள். ஆட்களை எடுக்கும் ஜெனரல் மேனேஜர் பென் செரிங்டன் அப்படியே இருக்கிறார். முதலாளி பாப் நட்டிங்கும் அப்படியே. மைதானத்தில் கூட்டம் ‘செல் த டீம்’ என்று கோஷம் போடுகிறது. ஏப்ரலில் உள்ளூர் முதல் ஆட்டத்தன்று அதே வாசகத்தைப் பதாகையாகக் கட்டிக்கொண்டு ஒரு விமானம் மேலே சுற்றியது.

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவளும் எழுந்து நின்று கத்துகிறாள். எனக்கு ஒருபக்கம் பெருமை, ஒருபக்கம் சங்கடம். சிஎஸ்கேயும்தான் 2025 ஐபிஎல்லில் கடைசி இடம். நாம் யாராவது ‘விற்றுவிடு’ என்று கத்தினோமா? முதலாளி வியாபாரம்தானே செய்கிறார், லாபம் பார்க்காதே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வருட சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பதா, வேண்டாமா என்று வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

எங்கள் ஊரில் பொதுப்பணத்தில் சீரமைத்த விளையாட்டு மைதானம் ஒன்றைத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுற்றிலும் வேலி, வாசலில் காவலாளி. காலையில் நடக்கப்போகும் கிழவர்களை விசில் ஊதி விரட்டுகிறார்கள். இதைப்பற்றித்தான் ஒரு வாரமாக மனதுக்குள் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

சிஎஸ்கே பேச்சை விட்டுவிடுவோம். ஒரு வருடம் தோற்பதும், 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருப்பதும் ஒன்றா? மகள் கத்துவதும் ஒரு பிரச்சினையே இல்லை. பதினான்கு வயதில் கத்தாவிட்டால் பிறகு எப்போது கத்துவது? மேனேஜரை நீக்கியது வழக்கமான சடங்கு. 12 வெற்றி, 26 தோல்வி என்றானதும் யாராவது ஒருவர் பெட்டியைக் கட்டவேண்டும், கட்டினார். அவர் இருந்திருந்தாலும் அந்த அணி ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்திருக்காது. முப்பது அணிகளில் மிகக் குறைவாக ஹோம் ரன் அடித்தது அதுதான். அடிக்கிற ஆளை விலைகொடுத்து வாங்காமல், மேனேஜர் எங்கிருந்து கொண்டுவருவார்?

‘முதலாளி வியாபாரம்தானே செய்கிறார்’ என்ற வரிக்கு வருகிறேன். இது உங்கள் வரியே அல்ல. நம்மவர்கள் அமெரிக்கா போய் இறங்கி ஆறு மாதத்தில் எல்லோருக்கும் தொற்றிக்கொள்ளும் வரி. யார் எதைச் சுருட்டினாலும் ‘அது பிசினஸ்’ என்று சொல்லிவிட்டால் யோசிக்கிற வேலை முடிந்துவிடுகிறது. சரி, வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். சரக்கு மோசமாக இருந்தால் கடை படுத்துவிடும் என்பதுதானே வியாபாரத்தில் உள்ள ஒரே நியாயம்? நட்டிங்கின் கடை ஏன் படுக்கவில்லை?

படுக்காதபடி ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு அணியும் உள்ளூரில் சம்பாதிப்பதில் 48 சதவீதத்தைப் பொதுவில் போடவேண்டும். அதை முப்பது அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. பணக்கார அணியான நியூயார்க் யாங்கீஸ் எடுப்பதைவிடப் போடுவது அதிகம். பிட்ஸ்பர்க் போடுவதைவிட எடுப்பது அதிகம். நாடு முழுக்க ஒளிபரப்பாகும் ஆட்டங்களின் தொலைக்காட்சிப் பணமும் பங்காகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், வருமானம் போய்விடும், முதலாளிக்கு ராத்திரி தூக்கம் வராது. அமெரிக்க பேஸ்பாலில் அந்தப் பயமே இல்லை. வீரர்களுக்கு இவ்வளவாவது சம்பளம் கொடுத்தாகவேண்டும் என்று அணிக்குக் கீழ்வரம்பும் கிடையாது. போதாததற்கு, தோற்ற அணிக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. உங்கள் ஸ்கீன்ஸ் 2023-ல் முதல் ஆளாக பைரேட்ஸுக்குக் கிடைத்ததே முந்தைய வருடத் தோல்விகளும் குலுக்கல் அதிர்ஷ்டமும் சேர்ந்த புண்ணியத்தில்தான்.

2010-ல் பைரேட்ஸ் அணியின் கணக்குப் புத்தகம் வெளியே கசிந்தது. 2007, 2008 இரண்டு வருடமும் சேர்த்து சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர் லாபம். இரண்டு வருடமும் களத்தில் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். நட்டிங் முதன்மை உரிமையாளர் ஆனது 2007-ல். அவர் காலத்தில் நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன், 2013 முதல் மூன்று வருடம் தொடர்ந்து பிளேஆஃப் போனார்கள். அதன்பின் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. பங்காகக் கிடைக்கிற பணத்தை அணியை முன்னேற்றச் செலவிடவேண்டும் என்று விதி இருக்கிறது, இவர்கள் அப்படிச் செய்யவில்லை என்று 2018-ல் வீரர்கள் சங்கமே நான்கு அணிகள்மீது முறையிட்டது. நான்கில் பைரேட்ஸும் உண்டு. ஆக, நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை வீரர்கள் எழுத்திலேயே கேட்டுவிட்டார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நீங்கள் உட்காரும் அந்த மைதானம் யாருடையது தெரியுமா? நட்டிங்குடையது அல்ல. ஊருக்கும் மாவட்டத்துக்குமான பொது ஆணையத்துடையது. 1997 நவம்பரில் அந்தப் பகுதியின் பதினோரு கவுண்டிகளிலும், அதாவது மாவட்டங்களிலும், ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். புதிய மைதானங்களுக்காக விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டலாமா என்று. பதினோரு கவுண்டியும் வேண்டாம் என்றன. ஒன்றுகூட விதிவிலக்கில்லை. என்ன ஆயிற்று? ‘பிளான் பி’ என்று பெயர் வைத்து, ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருந்த வரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் எடுத்துக் கட்டிவிட்டார்கள். 2001-ல் திறந்தார்கள். ஆற்றங்கரை, மஞ்சள் பாலம், பின்னால் நகரத்தின் கட்டடங்கள். அழகான மைதானம்தான், நானே வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொன்னவர்களின் வரிப்பணத்தில் எழும்பியது. அதில் உட்கார்ந்துகொண்டு ‘அவர் வியாபாரம் செய்கிறார், நாம் என்ன சொல்லமுடியும்’ என்கிறீர்கள். கார்த்திகேயன், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் காம்பவுண்டுக்குள் கார் நிறுத்தினால் இப்படித்தான் பேசுவீர்களா?

பிட்ஸ்பர்க் ரசிகர்களிடம் எனக்கு உள்ள வருத்தமும் இதுதான். அவர்கள் ஏமாந்த வாடிக்கையாளர்களைப்போலக் கோபப்படுகிறார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு பொம்மை கொடுத்தால் போதும். ஏப்ரலில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு ஸ்கீன்ஸ் உருவப் பொம்மை கொடுத்த நாளில் எவ்வளவு நீள வரிசை! அதே மாதம் ‘விற்றுவிடு’ என்று கத்திய கூட்டம்தான் அதிலும் நின்றது. நீங்களும் நின்றிருப்பீர்கள், கடிதத்தில் எழுதவில்லை.

அதே சீசனில் நடந்த வேறு இரண்டு விஷயங்களையும் நீங்கள் எழுதவில்லை. வலது பக்க மதில் 21 அடி உயரம். பைரேட்ஸுக்கு ஆடிய ராபர்ட்டோ கிளெமென்ட்டேயின் சட்டை எண் 21. புவேர்ட்டோ ரிக்கோக்காரர், சரியாக 3000 ஹிட் அடித்தவர், 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்தவர். அந்த மதிலில் இருந்த அவருடைய 21-ஐ எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டினார்கள். அவருடைய மகன் பேசிய பிறகுதான் திருப்பி வைத்தார்கள். இன்னொன்று செங்கல். மைதானம் திறந்த காலத்தில் ரசிகர்கள் காசு கொடுத்து, தங்கள் பெயரையும் செத்துப்போன அப்பா பெயரையும் பொறித்து நடைபாதையில் பதித்த கற்கள். அவற்றைப் பெயர்த்து எடுத்து, கழிவுகள் சேரும் இடத்தில் குவித்திருந்ததை யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். 91 தோல்வியை நான் மறந்துவிடுவேன். ஒருவர் தன் அப்பாவின் பெயரை அந்தக் குவியலில் தேடிப் பார்க்கவேண்டி வந்ததை மறக்கமாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன். பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அக்டோபர் 13 அன்று மதியம், “சார், ஒரு வேடிக்கை காட்டுகிறேன்” என்று ஓக்லாந்து பகுதிக்குக் கூட்டிப்போனார். பல்கலைக்கழகத்தை ஒட்டி, கொடி படர்ந்த ஒரு நீளமான செங்கல் சுவர். பைரேட்ஸின் பழைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் இடிக்காமல் விட்ட பகுதி. அதன் எதிரே மடக்கு நாற்காலிகளில் நிறைய வயசாளிகள், நடுவில் ஒலிபெருக்கி. பைரேட்ஸும் யாங்கீஸும் மோதிய 1960 உலகத் தொடரின், அதாவது பேஸ்பால் இறுதிச் சுற்றின், ஏழாவது ஆட்டத்தின் வானொலி வர்ணனையை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தார்கள். வருடாவருடம் இதே நாளில் இது நடக்கிறது.

என் பக்கத்தில் ஒரு பாட்டி, மடியில் அட்டை வைத்து பென்சிலால் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து அரை நூற்றாண்டுக்குமேல் ஆகிவிட்டது, முடிவு அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பந்தையும் கட்டத்துக்குள் குறிக்கிறார். எட்டாவது இன்னிங்ஸில் ஹால் ஸ்மித் அடித்தபோது கை தட்டினார். ஒன்பதாவதில் யாங்கீஸ் சமன் செய்தபோது நிஜமாகவே முகம் வாடி, “எப்பப் பாத்தாலும் இப்படித்தான் பண்றாங்க” என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கு விதிமுறை பாதி புரியவில்லை. சரியாக 3 மணி 36 நிமிடத்துக்கு பில் மெசரோஸ்கி அடித்தார், பந்து இடது பக்க மதிலைத் தாண்டிப் போயிற்று, 10–9, பைரேட்ஸ் ஜெயித்துவிட்டது. எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். பாட்டி பென்சிலைக் கீழே போட்டுவிட்டு நண்பரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் யாரென்றே நண்பருக்குத் தெரியாது.

அங்கே டிக்கெட் கிடையாது. முதலாளியும் கிடையாது. கடலை விற்கக்கூட ஆள் இல்லை. நட்டிங்கிடம் இருப்பது அணியின் பெயரும் வீரர்களின் ஒப்பந்தமும். அந்தப் பாட்டியின் மடியில் இருந்த அட்டையை அவரால் விலைக்கு வாங்கமுடியாது, விற்கவும் முடியாது. நீங்கள் குடியேறிய ஊரின் அணி அது. உங்கள் மகளுக்கோ பிறந்த ஊரின் அணி. இந்த வித்தியாசம் உங்களுக்கு உறைத்திருந்தால் அவள் கத்தும்போது சங்கடப்பட்டிருக்கமாட்டீர்கள்.

டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டால் பாடம் புகட்டலாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் அதைத்தான் செய்தார்கள். அங்கிருந்த பேஸ்பால் அணியின் நல்ல வீரர்களை வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார் முதலாளி ஜான் ஃபிஷர், கூட்டம் வராமல் போயிற்று, ‘பாருங்கள், கூட்டமே வரவில்லை’ என்று அதையே காரணம் காட்டி அணியோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் வேண்டுமென்றே திரண்டு வந்து மைதானத்தை அதிரவைத்தார்கள். 27,759 பேர், எங்கும் ‘விற்றுவிடு’ என்று எழுதிய பச்சைச் சட்டை. அன்று அணி ஜெயிக்கவும் செய்தது. இரண்டே நாளில் நெவாடா ஆளுநர், லாஸ் வேகாஸில் ஃபிஷருக்குப் புது மைதானம் கட்ட 38 கோடி டாலர் பொதுப்பணத்துக்குக் கையெழுத்துப் போட்டார். 2024 செப்டம்பரில் ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். கூட்டம் வந்தாலும் போனார், வராவிட்டாலும் போனார். ஆகவே வீட்டில் சண்டை போடாதீர்கள். போக ஆசையாக இருந்தால் போங்கள். ஸ்கீன்ஸ் பந்து வீசும் நாளில் போகாமல் இருப்பது நட்டிங்குக்குத் தண்டனை இல்லை, உங்களுக்குத்தான்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். மைதானத்தின் குத்தகை 2030 வாக்கில் முடிகிறது. அதற்கு முன்பே புதுப்பிக்கும் பேச்சு வரும், கூரை பழசாகிவிட்டது, திரை சின்னது, பொதுப்பணம் வேண்டும் என்று பட்டியல் நீட்டுவார்கள். அப்போது அந்த ஆணையத்தின் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். வீரர்கள் சம்பளத்துக்கு வருடம் எவ்வளவு செலவிடுவாய் என்று குத்தகையில் எழுதிக்கொடு, பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று எழுந்து கேளுங்கள். பைரேட்ஸ் தொப்பி போட்டுக்கொண்டே கேட்கலாம், தப்பில்லை. மகளையும் கூட்டிப்போங்கள். அதற்குள் அவளுக்கு ஓட்டு வந்திருக்கும்.

அன்புடன்.