கையிலும் தோளிலும் என்னென்ன எலும்பு, தசை, மூட்டு இருக்கின்றன? தோள் மட்டும் ஏன் அடிக்கடி விலகுகிறது?

பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் இந்தக் கேள்வியின் இரண்டாம் பகுதியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முதல் பகுதிக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவது தானாகப் புரிந்துவிடும்.

எலும்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு பக்கத்துக்கு 32 எலும்புகள். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பு, முதுகில் தோள்பட்டை எலும்பு, மேற்கையில் ஹியூமரஸ், முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இத்தனை எலும்பும் உடம்போடு மூட்டாகச் சேர்வது ஒரே ஒரு இடத்தில்தான்: காறை எலும்பின் உள்முனை மார்பெலும்பைத் தொடும் இடம். விரலால் தடவினால் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் அந்த மேடு தட்டுப்படும். தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் சும்மா படுத்திருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது முழுக்கத் தசைகள்தான்.

அதனால்தான் தோளை ஒரே மூட்டு என்று நினைக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காதுவரை கொண்டுபோனால் ஏறக்குறைய 180 டிகிரி. அதில் சுமார் 120 டிகிரிதான் ஹியூமரஸ் தோள்பட்டை எலும்போடு சேரும் தோள்மூட்டில் நடக்கிறது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு 1944-லேயே பதிவாகிவிட்டது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் இரண்டும் சேர்ந்துதான் நகரும்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவரை உங்கள் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் கட்டைவிரலை வைக்கச் சொல்லுங்கள். கையை மெதுவாகப் பக்கவாட்டில் தூக்குங்கள். ஆரம்பத்தில் அந்த முனை அதிகம் அசையாது. கொஞ்சம் மேலே போனதும் அவர் விரலுக்கு அடியிலிருந்து நழுவி, அக்குள் பக்கமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். இப்படித் திருப்புவது கழுத்திலும் மேல்முதுகிலும் பரவியிருக்கும் டிரபீசியஸ் தசையும், விலா எலும்புகளிலிருந்து கிளம்பி தோள்பட்டையின் உள்விளிம்பில் சேரும் செரேட்டஸ் தசையும். செரேட்டஸுக்குப் போகும் நரம்பு அடிபட்டால், தோள்மூட்டில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் கை முழுதாக மேலே போகாது. முதுகில் தோள்பட்டை இறக்கை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரத்துக்குக் கிட்டே வந்ததும் தடுக்கும். அப்படியே உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள், தடை விலகி மேலே போய்விடும். ஹியூமரஸின் தலைக்கு வெளிப்பக்கம் ஒரு புடைப்பு இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற அக்ரோமியான் பகுதியில் அது முட்டாமல் இருக்க, எலும்பு வெளிப்பக்கமாகச் சுழன்று வழிவிட வேண்டும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கட்டைவிரலைக் கீழே சாய்த்துக்கொண்டு எடையைத் தோளுக்கு மேல் தூக்குவதை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

சரி, ஏன் விலகுகிறது? இடுப்பும் தோளும் பந்துக் கிண்ண மூட்டுகள்தான். இடுப்பில் கிண்ணம் ஆழமானது, தொடை எலும்பின் தலையை நன்றாகக் கவ்விக்கொள்ளும். தோளில் கிண்ணம் என்று சொல்வதே அதிகம், அது கிட்டத்தட்ட ஒரு தட்டு. எந்த நேரத்திலும் பந்தின், அதாவது ஹியூமரஸ் தலையின், மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் இருந்து கொஞ்சம் ஆழம் கூட்டுகிறது. மூட்டைச் சுற்றிய உறையும் தளர்வானது. முதுகைச் சொறியவும், பந்தை வீசவும், தலைக்கு மேல் இருப்பதை எடுக்கவும் நமக்கு இந்தத் தளர்வுதான் உதவுகிறது. உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது இதுதான் என்பதற்கும் அதே தளர்வுதான் காரணம். பெரும்பாலும் பந்து முன்பக்கமாகத்தான் நழுவும். கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் பலமாக இழுபட்டாலோ அடிபட்டாலோ அப்படி ஆகும்.

அப்படியானால் மற்ற நேரங்களில் பந்தை நிறுத்திவைப்பது யார்? ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகள்: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு ஹியூமரஸின் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு இந்த நான்கின் மேல் தனி மரியாதை உண்டு. தோளின் மேல் திரண்டு தெரியும் டெல்டாய்டு பலசாலிதான், ஆனால் கை தொங்கும் நிலையில் அது சுருங்கினால் எலும்பை வெளியே தூக்குவதைவிட நேரே மேலே இழுக்கத்தான் பார்க்கும். கஃப் தசைகள் பந்தைத் தட்டோடு அழுத்திக் கீழே பிடித்துக்கொள்வதால்தான் அந்த இழுப்பு கையைத் தூக்கும் வேலையாக மாறுகிறது.

'தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்வது பல சமயம் இந்த சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாணைத்தான். அக்ரோமியானுக்கு அடியில் குறுகலான இடத்தில் ஓடுவதால் உரசல் படுவது முதலில் அதுதான். கையைத் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரிக்கு நடுவில் மட்டும் வலித்தால் அந்த இடத்தின் மேல் சந்தேகம் வரும். அப்புறம், இதையும் உறைந்த தோளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கஃப் கிழிந்தவரால் தானாகத் தூக்க முடியாவிட்டாலும், பெரும்பாலும் இன்னொருவர் கையைப் பிடித்து மேலே கொண்டுபோய்விடலாம். உறைந்த தோளில் மூட்டின் உறையே இறுகிவிடுவதால் யார் தூக்கினாலும் நகராது. இது 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும்.

முழங்கைக்குக் கீழே சுருக்கமாகச் சொல்கிறேன். மடக்கி நீட்டும் வேலை ஹியூமரசுக்கும் அல்னாவுக்கும் இடையில் நடக்கிறது. நீட்டுவது ட்ரைசெப்ஸ். மடக்குவது பைசெப்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதில் முதல் இடம் அதற்கு அடியில் மறைந்திருக்கும் பிரேக்கியாலிஸுக்குத்தான். பைசெப்ஸ் போய்ச் சேர்வது ரேடியஸ் எலும்பில். உள்ளங்கையைக் கீழே திருப்பும்போது ரேடியஸ் அல்னாவின் குறுக்கே புரண்டு படுக்கும், அதைப் பலமாகத் திருப்பி எடுப்பது பைசெப்ஸ். முழங்கையை மடக்கி, மறுகையால் பைசெப்ஸைப் பிடித்துக்கொண்டு இறுகிய கதவுக் குமிழைத் திருகிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் அது கல்லாக இறுகும்.

விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் மணிக்கட்டில் ஒரே குறுகலான பாதை வழியாகப் போகின்றன. அந்தப் பாதையில் நெருக்கடி வந்தால் கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போகும்.

கடைசியாக, தோள் விலகியவர்களுக்கு. நண்பர்கள் யாரையும் இழுத்துப் பொருத்த விடாதீர்கள். டெல்டாய்டுக்குப் போகும் நரம்பு மூட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது, எலும்பு முறிவும் சேர்ந்திருக்கலாம். கையை உடம்போடு சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பொருத்திய பிறகு வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். இளவயதில் ஒருமுறை விலகிய தோள் மறுபடி விலக வாய்ப்பு அதிகம். விலகும்போது லேப்ரம் கிழிந்திருந்தால் அதைப் பயிற்சியால் ஒட்டவைக்க முடியாது, ஆனால் கஃபையும் தோள்பட்டையைத் திருப்பும் தசைகளையும் வலுவாக்கிக்கொள்ள முடியும். அதன் பிறகும் விலகிக்கொண்டே இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தயங்க வேண்டாம்.