“பழகிடும்” என்கிறார்கள், பழகவில்லையே!

கேள்வி: ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் தண்ணீரில் மூழ்கிய ஒரு குழந்தையை ஏற்றி வந்தோம். வழிநெடுக நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தும் பிழைக்கவில்லை. பிறகு வண்டியைக் கழுவும்போது ஸ்ட்ரெச்சருக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை, என் மகள் குளிக்கப் போனாலே பதறிக் கத்துகிறேன். சீனியர்கள் ‘பழகிடும்’ என்கிறார்கள். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா, விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, அந்தச் செருப்பைப் பார்த்து எதுவுமே தோன்றாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். லாயக்கில்லை என்ற பேச்சே வேண்டாம்.

சீனியர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தப்பு. ரத்தம் பழகும், சைரன் சத்தம் பழகும், சாவு அப்படிப் பழகுவதில்லை, உள்ளே சேர்ந்துகொண்டே போகும். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பு, விபத்தில் சிக்கியவர்களோடு நிற்காமல், வேலையின் பேரில் இப்படிப்பட்ட கோரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கும் பிடிஎஸ்டி, அதாவது கோரமான அனுபவத்துக்குப் பின் தங்கிவிடும் மனநோய், வரலாம் என்று தெளிவாகவே சொல்கிறது.

இன்னொன்று, ‘இன்னும் சீக்கிரம் போயிருந்தால்’ என்று மனசு ஓட்டிக்கொண்டே இருக்குமே, அது. ஆக்சிஜன் போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும், உங்களுக்கு அழைப்பு வருவதற்குள்ளேயே அந்த நிமிடங்கள் பல சமயம் கரைந்துபோயிருக்கும். இதை நான் சொல்வதைவிட, குழந்தையை வாங்கிக்கொண்ட டாக்டரிடமே போய் “நாங்கள் வேறு ஏதாவது செய்திருக்கலாமா?” என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்விதான் ராத்திரியில் எழுப்பிவிடும்.

அப்புறம், அன்று கூட இருந்த டிரைவரிடம் பேசுங்கள். அவரும் தூங்காமல்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னால், விருப்பமில்லையென்றால் மறுத்துவிடுங்கள், ஒரே ஒரு தடவை அப்படிப் பேசவைப்பது பிடிஎஸ்டியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தூக்கத்துக்காக ஒரு பெக் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், படுத்ததும் கண் சொருகும், நடுராத்திரியில் முழிப்புத் தட்டிவிடும்.

மகளிடம் உண்மையைச் சொல்லலாம்: “அப்பா வேலையில் ஒரு கஷ்டமான விஷயத்தைப் பார்த்தேன், அதனால்தான் கத்தினேன், உன் மேல் கோபமில்லை.” குழந்தைக்கு அவ்வளவு போதும், மீதி விவரம் வேண்டாம்.

மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். பலருக்கு ஒரு மாதத்துக்குள் இது தானாகவே தணியும். தாண்டியும் கனவும் பதற்றமும் இப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே இருக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றுவது), இஎம்டிஆரையும் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாள்வது) உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. நடுவில் எப்போதாவது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

வேலையை விடுவதா என்று தூக்கமில்லாத இந்த நாட்களில் முடிவெடுக்க வேண்டாம். மேலதிகாரியிடம் கேட்டுக் கொஞ்ச நாள் லீவோ, வண்டியில் போகாத டியூட்டியோ வாங்குங்கள். தூக்கம் திரும்பிய பிறகும் விடத் தோன்றினால் தாராளமாக விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.